ஓடுபாதையோரத்து உழைப்பு: இந்திய விமான நிலையப் பணியின் சுமையும் பயனும்

விமான நிலையத்தில் வேலை பார்ப்பவர் என்று ஒருவரைப் பொதுவாகச் சுட்டும்போது அவர் அங்கே யாரிடம் வேலை பார்க்கிறார் என்ற கேள்வி எழுவதில்லை. ஆனால் இத்துறையின் உழைப்பைப் பற்றிய ஆய்வு அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. சென்னை மீனம்பாக்கத்தையே எடுத்துக்கொண்டால், ஓடுபாதையையும் முனையங்களையும் நிர்வகிப்பது இந்திய விமான நிலைய ஆணையம். பயணிகளைச் சோதனையிடுவோர் மத்திய தொழிற் பாதுகாப்புப் படையினர். கடவுச்சீட்டைப் பார்ப்போர் உள்துறை அமைச்சகத்தின் குடியேற்றப் பிரிவினர். பெட்டியைத் திறக்கச் சொல்வோர் நிதி அமைச்சகத்தின் சுங்கத் துறையினர். போர்டிங் பாஸ் கொடுப்போர் விமான நிறுவனங்களின் ஊழியர். பெட்டிகளை ஏற்றி இறக்குவோர் தரைப்பணி நிறுவனங்களின் ஆட்கள். தரையைத் துடைப்போரும் டிராலிகளைத் திரட்டி வருவோரும் ஒப்பந்தக்காரர்களின் ஆட்கள். ஒரே கூரையின் கீழ், ஒரே விமானத்துக்காக, ஒரே மணி நேரத்தில் உழைக்கும் இவர்களுக்கு ஊதியமோ, ஓய்வோ, பணிப் பாதுகாப்போ ஒன்றாக இல்லை. இப்பணியின் இடர்கள் வேலையின் தன்மையால் வருகின்றன என்பதும், அதன் பயன்கள் நியமன ஆணையில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது என்பதைப் பொறுத்தே கிடைக்கின்றன என்பதும் இந்தக் கட்டுரையின் வாதம்.

இந்த அடுக்குமுறை தொடக்கத்திலிருந்தே இருந்த ஒன்றன்று. பம்பாய், கல்கத்தா, டெல்லி, சென்னை ஆகிய நான்கு நகரங்களின் நிலையங்களை நடத்த 1972-இல் பன்னாட்டு விமான நிலைய ஆணையமும், உள்நாட்டு நிலையங்களுக்கென 1986-இல் தேசிய விமான நிலைய ஆணையமும் ஏற்படுத்தப்பட்டு, இரண்டும் 1995 ஏப்ரல் 1 அன்று இன்றைய ஆணையமாக இணைக்கப்பட்டன. அந்தக் காலத்தில் விமான நிலைய வேலை என்பது பெரும்பாலும் அரசு வேலையாகவே இருந்தது. 1999-இல் பொதுமக்கள் பங்கு முதலீட்டுடன் கொச்சி நிலையம் திறக்கப்பட்டதும், 2006-இல் டெல்லி, மும்பை நிலையங்கள் தனியார் கூட்டமைப்புகளிடம் ஒப்படைக்கப்பட்டதும், 2008-இல் பெங்களூரும் ஐதராபாத்தும் தனியார் முயற்சியில் புதிய நிலையங்களைப் பெற்றதும் அந்த நிலையை மாற்றின. 2006 பிப்ரவரியில் ஆணைய ஊழியர்கள் நாடெங்கும் வேலைநிறுத்தம் செய்தது இந்த மாற்றத்தை எதிர்த்துத்தான். 2003-க்குப் பின் மலிவுக் கட்டண விமானங்கள் பெருகியபோது, விமானம் தரையில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் செலவாகக் கணக்கிடப்பட்டது. அந்த நிமிடங்களைக் குறைக்கும் பொறுப்பு தரைப்பணியாளர்மீது விழுந்தது.

தரைப்பணி என்பது விமானம் வந்து நின்றதிலிருந்து மீண்டும் கிளம்பும்வரை தரையில் அதற்குச் செய்ய வேண்டிய எல்லா வேலைகளையும் குறிக்கும். ஏறத்தாழ 180 இருக்கைகள் கொண்ட உள்நாட்டு விமானம் ஒன்றுக்கு இதற்காக ஒதுக்கப்படும் நேரம் பெரும்பாலும் அரை மணியை ஒட்டியது. விமானம் நிறுத்துமிடத்துக்குள் நுழையும்போது, இரு கைகளிலும் ஒளிக்கோல்களை ஏந்தி நிற்கும் வழிகாட்டி அதை மஞ்சள் கோட்டின்மேல் நிறுத்துகிறார். எஞ்சின் அணைந்து, விமானத்தின் அடிவயிற்றில் சுழலும் சிவப்பு விளக்கும் அணைந்த பிறகே மற்றவர்கள் அருகில் செல்லலாம். உடனே சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைக்கப்படுகிறது, இறக்கை முனைகளின் கீழே கூம்புகள் வைக்கப்படுகின்றன, தரையிலிருந்து மின்சாரம் இணைக்கப்படுகிறது, சரக்கறையின் வாயிலோடு கன்வேயர் பெல்ட் பொருத்தப்படுகிறது. லோடர்களில் ஓரிருவர் அந்தச் சரக்கறைக்குள் ஏறிவிடுவார்கள். நாலடி உயரம்தான் இருக்கும் அந்த அறையில் நிமிர்ந்து நிற்க இயலாது. முழந்தாளிட்டோ, குந்தியோ, உடலைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு பெட்டியாக இழுத்து வாயிலுக்குத் தள்ள வேண்டும். உள்நாட்டுப் பயணி ஒருவருக்கு அனுமதிக்கப்படும் 15 கிலோவை 180 பேரும் முழுதாகக் கொண்டுவந்தால், இறக்குவது 2.7 டன், ஏற்றுவது 2.7 டன், அதாவது ஒரே விமானத்துக்கு அரை மணியில் 5.4 டன். வளைகுடா விமானங்களில் பெட்டிகளின் எடை இதைவிடக் கூடும். தனிப்பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது என்று உலகெங்கும் பின்பற்றப்படும் வரம்பு தூக்குபவரின் முதுகை முன்னிட்டே வந்தது என்பது பெட்டிக்குக் கூடுதல் கட்டணம் கேட்கப்படும்போது வாதிடும் பயணிகளில் பலருக்குத் தெரிவதில்லை.

முதுகுவலியும் மூட்டுத் தேய்வும் மெல்ல வருபவை. நொடியில் வரும் ஆபத்துகளும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினின் முன்பக்கம் பல மீட்டர் தொலைவில் நிற்பவரையும் உள்ளிழுக்கக் கூடியது. அந்தப் பரப்பு உறிஞ்சு மண்டலம் எனப்படுகிறது. 2015 டிசம்பரில் மும்பையில், பின்னோக்கித் தள்ளி விடப்பட்ட விமானம் ஒன்றின் எஞ்சின் இயக்கப்பட்டபோது அருகில் பணியிலிருந்த தொழில்நுட்பப் பணியாளர் அதனுள் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். 2019 ஜூலையில் கொல்கத்தாவில், சிறிய விமானமொன்றின் சக்கர அறையில் வேலை செய்துகொண்டிருந்த பயிற்சி நிலைத் தொழில்நுட்பர் ஒருவர், நீரழுத்த விசையால் மூடிக்கொண்ட கதவுகளுக்கிடையே சிக்கி மாண்டார். இரண்டிடத்திலும் விமானம் தரையில்தான் இருந்தது, பயணிகளில் ஒருவருக்கும் கீறல் இல்லை. இத்தகைய மரணங்கள் விமான விபத்து என்ற பெயரில் மக்கள் நினைவில் தங்குவதில்லை. ஓரிரு நாள் செய்தியாகி மறைந்துவிடுகின்றன. இது இத்துறையின் பெரிய குறை.

கண்ணுக்குப் புலப்படாத இடர்கள் மூன்று: வெப்பம், ஒலி, புகை. நிழலில்லாத கான்கிரீட் வெளியில் சித்திரை வெயில் மேலிருந்தும், சூடேறிய தரை கீழிருந்தும், எஞ்சின் காற்று பக்கவாட்டிலும் தாக்குகின்றன. நாளுக்கு எட்டு மணி நேரம் 85 டெசிபெல் ஒலியில் நிற்பதே செவிக்குக் கேடு என்று தொழில்நல அறிஞர் வரையறுத்திருக்க, ஜெட் எஞ்சினின் அருகில் அது 120 டெசிபெல்லைத் தாண்டும். காதுக் கவசம் கொடுக்கப்பட்டாலும், வியர்வையில் அது நழுவுவதும், சக பணியாளரின் குரல் கேட்க வேண்டியிருப்பதும் அதைக் கழற்றிவிடத் தூண்டும். புகையைப் பொறுத்தவரை, டென்மார்க்கின் கோபன்ஹேகன் நிலையத்தில் எடுக்கப்பட்ட அளவீடுகள் முக்கியமானவை: விமானங்கள் நிற்கும் தளத்தின் காற்றில் இருந்த மிகநுண் துகள்களின் எண்ணிக்கை அந்நகரின் நெரிசல் மிகுந்த சாலையில் இருந்ததைவிட மிகுதியாக இருந்தது என்று கண்டறியப்பட்ட பிறகு, தொழிற்சங்கமும் நிர்வாகமும் சேர்ந்து, நிற்கும் விமானங்களின் துணை எஞ்சின்களை வேண்டிய நேரத்துக்கு மேல் இயக்காமல் தடுப்பது போன்ற நடவடிக்கைகளை மேற்கொண்டன. இந்திய நிலையங்களில் இத்தகைய அளவீடு பணியாளரின் மூச்சைக் கருதி முறையாக எடுக்கப்பட்டு வெளியிடப்பட வேண்டும்.

இரவுப்பணி எல்லாப் பிரிவினருக்கும் பொதுவான சுமை. ஐரோப்பாவுக்கும் வளைகுடாவுக்கும் செல்லும் விமானங்களும், சிங்கப்பூர், கோலாலம்பூர் போன்ற கிழக்கத்திய நகரங்களுக்குச் செல்பவையும் அந்தந்த ஊரில் காலையில் இறங்கும்படி நேரம் அமைக்கப்படுவதால், சென்னையின் பன்னாட்டு முனையம் நள்ளிரவுக்குப் பின்னரே மும்முரமாகிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இரவுப்பணியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புடைய காரணிகளின் பட்டியலில் 2007-இல் சேர்த்து, 2019-இல் அதை மீண்டும் உறுதிசெய்தது. வாரத்துக்கொரு முறை ஷிஃப்ட் மாறும்போது தூக்கமும் செரிமானமும் குலைவது ஒருபுறம். பிள்ளையின் பள்ளி நிகழ்ச்சி, வீட்டுக் கல்யாணம், பொங்கல், தீபாவளி ஆகியவற்றில் வீட்டில் இல்லாதவராக ஆகிவிடுவது மறுபுறம். பண்டிகை நாள்களில்தான் பயணிகள் பெருகுவார்கள், ஆகவே அந்நாள்களில்தான் விடுப்பு மறுக்கப்படும். நிரந்தர ஊழியருக்கு வீட்டிலிருந்து அழைத்து வரும் வண்டி உண்டு. ஒப்பந்தப் பணியாளர் பலர் திரிசூலம் ரயில் நிலையத்தையும் மெட்ரோவையும் நம்பியிருப்பவர்கள். கடைசி ரயில் போய்விட்டால் ஷிஃப்ட் முடிந்தும் முதல் ரயில்வரை காத்திருக்க வேண்டும்.

வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரின் பணி இவற்றிலிருந்து வேறுபட்டது. வானில் பறக்கும் விமானங்கள் ஒன்றோடொன்று நெருங்காதபடி உயரத்தையும் திசையையும் வேகத்தையும் வகுத்துக் கொடுப்பவர் இவர். குளிரூட்டிய அறையில் அமர்ந்து செய்யும் இவ்வேலையில் உடலுழைப்பு இல்லை. ஆனால் ஒரு சொல் பிசகினால் விளைவது என்ன என்பதை இந்திய வரலாறு அறியும். 1996 நவம்பர் 12 அன்று அரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே, டெல்லியிலிருந்து புறப்பட்ட சவூதி விமானமும் டெல்லிக்கு வந்துகொண்டிருந்த கசக்ஸ்தான் விமானமும் மோதி 349 பேர் மாண்டனர். 15,000 அடியில் நிற்குமாறு கட்டுப்பாட்டாளர் சரியாகவே சொல்லியிருந்தும் கசக்ஸ்தான் விமானம் அதற்குக் கீழே இறங்கியது. அதைத் திரையில் பார்த்துத் தடுக்க, விமானத்தின் உயரத்தைக் காட்டும் இரண்டாம்நிலை ரேடார் அன்று அங்கே இல்லை. அதன் பிறகுதான் வருகைக்கும் புறப்பாட்டுக்கும் தனித்தனி வான்வழிகளும், மோதலை முன்கூட்டி எச்சரிக்கும் கருவியும் கட்டாயமாயின. 2002-இல் தென் ஜெர்மனியின் யூபர்லிங்கன் மேலே நிகழ்ந்த மோதலில் 71 பேர் இறந்தபோது, சூரிச் அறையில் ஒரேயொருவர் இரண்டு திரைகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். உடன் இருக்க வேண்டியவர் ஓய்வுக்குப் போயிருந்தார். பின்னாளில் சுவிஸ் நீதிமன்றம் தண்டித்தது அந்த நடைமுறையை அனுமதித்த மேலாளர்களை. களைப்பு என்பது தனிமனிதரின் பலவீனமன்று, நிர்வாகத்தின் பொறுப்பு என்ற கொள்கை அந்தத் தீர்ப்பில் நிலைபெற்றது.

அந்தக் கொள்கையின் பயனை இந்தியக் கட்டுப்பாட்டாளரும் ஓரளவு பெற்றிருக்கிறார். தொடர்ந்து எத்தனை மணி நேரம் பணியில் இருக்கலாம், எத்தனை மணி நேரம் ஓய்வு வேண்டும் என்பதற்கு விமானப் போக்குவரத்து இயக்குநரகம் வரம்பு வகுத்திருக்கிறது. ஆள் பற்றாக்குறையால் அவ்வரம்புகள் நெருக்கடிக்கு உள்ளாவது நாடாளுமன்ற நிலைக்குழுவின் கவனம்வரை சென்றிருக்கிறது. அவ்வாறே ஊடுகதிர்த் திரையில் பைகளைப் பார்ப்பவர் தொடர்ந்து 20 நிமிடத்துக்கு மேல் பார்க்கக் கூடாது என்பது ஐரோப்பிய விதி. கவனம் குன்றாமல் இருக்கிறதா என்று சோதிக்க, உண்மையான பையின் படத்துக்குள் துப்பாக்கியின் பொய்ப்படத்தைக் கணினி இடையிடையே செருகிக் காட்டுவதும் உண்டு. இப்படிக் கண்ணின் களைப்பும் மூளையின் களைப்பும் அளந்து காக்கப்படும் அதே வளாகத்தில், இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்க்கும் லோடரின் களைப்பை அளக்க அத்தகைய ஏற்பாடு இல்லை. சரக்கறைக் கதவைச் சரியாகப் பூட்டுவதும், சுமையைத் திட்டப்படி முன்னும் பின்னும் பிரித்து வைப்பதும் அவர் கையில்தான் இருக்கின்றன. சுமை இடம் மாறினால் விமானத்தின் சமநிலையே மாறும்.

துப்புரவுப் பணியாளரின் நிலையும் இதுதான். 2000 ஜூலை 25 அன்று பாரிஸில் கான்கார்ட் விமானம் எரிந்து விழுந்து 113 பேர் இறந்ததற்கு, முன்னர் புறப்பட்ட வேறொரு விமானத்திலிருந்து ஓடுபாதையில் உதிர்ந்து கிடந்த ஓர் உலோகப் பட்டையே தொடக்கக் காரணம் என்று விசாரணை கூறியது. அதனால்தான் ஓடுபாதையிலும் நிறுத்துமிடங்களிலும் கிடக்கும் திருகாணி, கம்பி, பெட்டியின் உடைந்த சக்கரம் ஆகியவற்றைப் பொறுக்கி எடுப்பது பாதுகாப்புப் பணியாகக் கருதப்படுகிறது. பறவைகளை வெடி வெடித்து விரட்டுவோரும், ஓடுபாதையோரத்துப் புல்லை வெட்டுவோரும் அதே வரிசையில் வருகிறார்கள். ஊதியப் பட்டியலில் மட்டும் இவர்கள் திறன் வேண்டாத வேலைக்காரர்களாக இடம்பெறுகிறார்கள்.

பயணிகளை நேரில் எதிர்கொள்ளும் ஊழியரின் சுமை வேறு வகையானது. விமான நிறுவனப் பணிப்பெண்களை ஆராய்ந்த அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்டு, தன் உணர்ச்சியை அடக்கிக்கொண்டு முதலாளி விரும்பும் உணர்ச்சியை முகத்தில் காட்டுவதையும் உழைப்பாகவே கணக்கிட வேண்டும் என்று 1983-இல் எழுதினார். உணர்ச்சி உழைப்பு என்ற கருத்து அவரால் பரவியது. பனியாலோ புயலாலோ விமானம் தாமதமானால் ஏச்சு வாங்குபவர் அதற்குக் காரணமல்லாத கவுன்ட்டர் ஊழியரே. 2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் கணினிகள் முடங்கியபோது, இந்திய நிலையங்களில் போர்டிங் பாஸ்களைக் கையால் எழுதிக் கொடுத்து வரிசையை நகர்த்தியவர்களும் இவர்கள்தான்.

பயன்களைப் பார்க்கும்போது, அவை சிறியவை என்று ஒதுக்குவது உண்மைக்கு மாறானது. ஆணையத்தில் இளநிலை அதிகாரியாகச் சேரும் கட்டுப்பாட்டாளரின் அடிப்படை ஊதிய விகிதம் 40,000 முதல் 1,40,000 ரூபாய்வரை. மருத்துவ வசதியும் பணி உயர்வும் தனி. பிரயாக்ராஜிலுள்ள பயிற்சிக் கல்லூரியில் பயின்று, அறிவியல் பட்டம் ஒன்றையே மூலதனமாகக் கொண்ட சிற்றூர்ப் பிள்ளைகள் இவ்வேலைக்கு வருகிறார்கள். விமான நிறுவனங்களின் நேரடி ஊழியருக்குக் குடும்பத்தோடு சலுகைப் பயணம் கிடைக்கிறது. பெண்களுக்கும் புதிய பிரிவுகள் திறக்கின்றன. 2018-இல் ஆணையத்தின் தீயணைப்புப் பிரிவில் முதன்முறையாகப் பெண் ஒருவர் சேர்ந்தார். விபத்து நேர்ந்தால் ஓடுபாதையின் எந்த இடத்தையும் இரண்டு நிமிடத்தில் எட்ட முயல வேண்டும், மூன்று நிமிடத்தை ஒருபோதும் தாண்டக் கூடாது என்ற பன்னாட்டு விதிக்காக நாள்தோறும் பயிற்சி செய்யும் பிரிவு அது.

பணத்தால் அளக்க முடியாத பயனும் உண்டு. இப்பணியில் நெடுங்காலம் இருப்போர் அதையே முதலாவதாகச் சொல்வர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றை ஒட்டிய சென்னை நிலையம் நீர் சூழ்ந்து நாள்கணக்கில் மூடப்பட்டு, அரக்கோணம் கடற்படை விமானத் தளத்திலிருந்து பயணிகள் அனுப்பப்பட்டபோதும், 2020 மே 7 முதல் வெளிநாடுகளில் தவித்தவர்களைத் திரும்பக் கொண்டுவந்த விமானங்களைத் தொற்று அச்சத்துக்கு நடுவே வரவேற்றபோதும், அதே ஆண்டு ஆகஸ்ட் 7 இரவு கோழிக்கோட்டில் ஓடுபாதையைத் தாண்டிச் சரிந்து உடைந்த விமானத்திலிருந்து அவ்வூர் மக்களோடு சேர்ந்து காயமுற்றோரை மழையில் தூக்கிச் சுமந்தபோதும், விமான நிலையப் பணியாளர் செய்தது சம்பளத்துக்கு மட்டுமான வேலையன்று. தன் கை பட்ட விமானம் பத்திரமாக மேலெழுவதைப் பார்க்கும் நிறைவு உண்மையானது. ஆனால் அந்த நிறைவைக் காட்டி ஊதியத்தைக் குறைத்துப் பேசும் வழக்கம் ஏற்கத்தக்கதன்று.

ஏனெனில் கீழ்த்தட்டில் நிலைமை கடினமானது. 2024 ஜூலையில் மும்பையில் தரைப்பணி நிறுவனமொன்று மாதம் ஏறத்தாழ 22,500 ரூபாய் ஊதியத்தில் லோடர் போன்ற பணிகளுக்கு ஆள் எடுத்தபோது, சுமார் 2,200 இடங்களுக்குப் பல்லாயிரக்கணக்கானோர் திரண்டு நெரிசலானது. அவ்வாறு கிடைக்கும் வேலையும் நுழைவு அனுமதி அட்டையோடு பிணைந்தது. 1984 ஆகஸ்ட் 2 அன்று மீனம்பாக்கத்தில் குண்டு வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததும், 1985-இல் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் வெடித்ததும், 1999-இல் காந்தகாருக்கு விமானம் கடத்தப்பட்டதும் பாதுகாப்பு விதிகளை இறுக்கின. காவல்துறை விசாரணைக்குப் பின் தரப்படும் அந்த அட்டை இன்றி உள்ளே கால்வைக்க இயலாது. அது தேவையான ஏற்பாடே. எனினும் ஒப்பந்தம் கைமாறும் ஒவ்வொரு முறையும் அட்டையும் கைமாற வேண்டும், பணிக்காலக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். 2025 மே மாதம் துருக்கியைச் சேர்ந்த செலெபி நிறுவனத்தின் பாதுகாப்பு அனுமதியை அரசு விலக்கியபோது, சென்னை உட்பட ஒன்பது நிலையங்களில் ஏறத்தாழ 10,000 பணியாளர்கள் தம் தவறு எதுவுமின்றி வேறு நிறுவனங்களின் கையை எதிர்பார்த்து நின்றனர். அவர்களைப் பிற நிறுவனங்கள் ஏற்கும் என்று அரசே அறிவிக்க வேண்டியதாயிற்று.

சட்டத்தின் போக்கும் இவர்களுக்குச் சாதகமாக இல்லை. ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 1970-இல் வந்தது. மத்திய அரசின் வரம்புக்குட்பட்ட நிறுவனங்களில் கட்டடங்களைத் துப்புரவு செய்வதற்கும் காவல் காப்பதற்கும் ஒப்பந்த ஆட்களை அமர்த்துவதை 1976 டிசம்பர் 9 அறிவிக்கை தடைசெய்தது. அதை நம்பி ஏர் இந்தியாவின் துப்புரவுப் பணியாளர் தொடுத்த வழக்கில், தடை வந்தால் தொழிலாளர் நேரடி ஊழியராக ஏற்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. ஐந்தே ஆண்டுகளில், 2001-இல், ஐந்து நீதிபதிகள் அமர்வு பொதுத்துறை உருக்கு நிறுவனமொன்றின் வழக்கில் அந்தத் தீர்ப்பையும் அறிவிக்கையையும் தள்ளியது. 2020-இன் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், முதன்மைப் பணிகளில் ஒப்பந்த ஆட்கள் கூடாது என்று சொல்லிவிட்டு, துப்புரவையும் ஏற்றி இறக்கும் வேலையையும் பொதுவாக முதன்மைப் பணி அல்லாதவற்றின் வரிசையில் வைக்கிறது. உலோகப் பட்டை ஒன்று 113 உயிர்களைக் கொண்டுபோன துறைக்கு இந்தப் பிரிப்பு பொருந்தாது.

மலிவான உழைப்பு எப்போதும் கிடைக்கும் என்ற எண்ணமும் பொய்த்திருக்கிறது. பெருந்தொற்றின்போது ஆயிரக்கணக்கான தரைப்பணியாளரை அனுப்பிவிட்ட ஐரோப்பிய நிலையங்கள், 2022 கோடையில் பயணிகள் திரும்பியபோது ஆளின்றித் திணறின. லண்டன் ஹீத்ரோ நாளொன்றுக்குப் புறப்படும் பயணிகளை ஒரு லட்சத்துக்குள் நிறுத்த நேர்ந்தது. ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிப்போல் நிலையம் தொழிற்சங்கத்தோடு பேசி, அந்தக் கோடைக்கு மணிக்கு 5.25 யூரோ கூடுதலாகக் கொடுக்க ஒப்புக்கொண்டது. நிலையத்தின் உரிமையாளரே, யாருடைய ஆள் என்று பார்க்காமல், அங்கு வேலை செய்வோரின் ஊதியத்துக்குப் பொறுப்பேற்க முடியும் என்பதற்கு இது சான்று.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் பரந்தூரில் சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் திட்டமிடப்பட்டிருக்கிறது; ஏகனாபுரம் மக்கள் தம் நிலத்துக்காக 2022 முதல் போராடி வருகிறார்கள். நிலையம் அங்கே வர வேண்டுமா என்பது தனியே விவாதிக்க வேண்டிய பெருங்கேள்வி. ஆனால் அதற்கு ஆதரவாக வேலைவாய்ப்பு முன்வைக்கப்படும்போது, எந்த வேலை என்று கேட்பது நியாயம். எவரிடம் ஒப்படைக்கப்பட்டாலும், ஒப்பந்தக்காரர் மாறினாலும் பணியாளர் மாறக் கூடாது என்பதையும், ஓடுபாதைப் பக்கம் வேலை செய்வோர் அனைவருக்கும் பணிநேர வரம்பும் ஆண்டுதோறும் செவிச் சோதனையும் வேண்டும் என்பதையும், இரவுப்பணிக்கு வண்டி வேண்டும் என்பதையும் நிலையத்தை ஒப்படைக்கும் ஒப்பந்தத்திலேயே நிபந்தனைகளாக எழுத வேண்டும். நிலம் கொடுப்பவர் வீட்டுப் பிள்ளைக்கு வேலை என்று சொல்லும் அரசு, அந்த வேலைக்கு முதலாளி யார், எத்தனை ஆண்டுக்கு, என்ன சம்பளத்துக்கு என்பதையும் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் சொல்லட்டும்.